இருபத்திரண்டு கோழியும் ஒரு கடிதமும்

ஜூஸா முட்டையைத் தொடவில்லை.

அசுந்தா காலை ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள். கூட்டைத் திறந்து, தவிடு பிசைந்து வைத்து, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துவிட்டு, அன்று இட்ட முட்டைகளில் இரண்டை மாமியாருக்காக வேக வைத்திருந்தாள். பக்கத்தில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி. கிழவி தட்டை விரல்நுனியால் தள்ளினாள். எழுந்து போய், மகள் டோரிஸ் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்த சூப்பை எடுத்து, சில்லென்று இருந்ததை அப்படியே நின்றபடி குடித்தாள்.

“அம்மா, குடுங்க, சூடு பண்ணித் தரேன்...”

“வேண்டாம். உன் கை பட்டா எனக்கு உள்ள இறங்காது.”

“காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க” என்றான் சால்வு, இரண்டு பேருக்கும் பொதுவாக. எதையும் பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன். இருபத்தெட்டு வருடமாக அவன் அப்படித்தான் புருஷனாக இருக்கிறான்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதியிலிருந்து இந்த வீட்டில் இதுதான் நடக்கிறது. அன்று கவுன்சில் ஆள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, பின்பக்கம் போய், கோழிகளை எண்ணினார். இருபத்திரண்டு. “புகார் வந்திருக்கு” என்றார். யார் என்று கேட்டதற்குச் சொல்லக் கூடாது என்றார். அடுத்த மாதமே, ஊருக்குள் எந்த வீட்டிலும் இனிக் கோழி வளர்க்கக் கூடாது என்று கவுன்சில் ஒரு விதியை எழுதி, மக்கள் கருத்துக் கேட்டு அறிவிப்பு ஒட்டியது.

ஜூஸா மால்டாவிலிருந்து கப்பலில் வந்து இந்த சிட்னி மேற்குப் பக்கத்தில் இறங்கியபோது இங்கே தெருவே கிடையாது, கோழிப் பண்ணைதான். பண்ணை போய்விட்டது. மிஞ்சியது இந்த மனையும், பின்பக்கத்துக் கூடும்தான். எண்பத்து மூன்று வயதில் அந்தக் கூட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வதற்காகத்தான் அவள் காலையில் கண் விழிக்கிறாள்.

பழி அசுந்தாமீது விழுந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஈஸ்டர் அன்று பதினாலு பேருக்குச் சமைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கோழிகள் வேலியை உடைத்துக்கொண்டு அவளுடைய அவரைப் பாத்தியைக் கிளறித் தீர்த்திருந்தன. “ஒரு நாள் நானே கவுன்சிலுக்குப் போன் பண்ணி இதுங்களை அள்ளிட்டுப் போகச் சொல்றேன் பாரு” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். செப்டம்பரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஈஸ்டர் அன்னிக்கு அண்ணி சொன்னாங்களே... நான் விளையாட்டுன்னுல்ல நினைச்சேன்” என்று முதலில் ஞாபகப்படுத்தியவள் டோரிஸ்தான்.

அதோடு முடிந்தது. அசுந்தா அழுதாள், கும்பிட்டாள், சிலுவைமேல் சத்தியம் செய்தாள். கிழவி அசையவில்லை. ஞாயிற்றுப் பூசை முடிந்து பங்குக் கூடத்தில் பெண்கள் கூடியிருந்தபோது, “நான் கண் மூடறதுக்குள்ள என் கூட்டைக் காலி பண்ணப் பாக்கறா என் மருமக” என்று உரக்கச் சொன்னாள். பஸ்தீட்சிப் பலகாரத் தட்டை அசுந்தா நீட்டினால் எடுக்க ஒரு கையும் வரவில்லை. தன்னைப் பெற்ற தாய் மால்டாப் பக்கத்துக் கோசோ தீவில் செத்தபோதுகூட அசுந்தா போகவில்லை. அந்த மாதம் ஜூஸாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கழுவி விட ஆள் வேண்டும், கோழிக்குத் தீனி வைக்க ஆள் வேண்டும். அதை நினைத்துப் பார்க்க அந்தக் கூடத்தில் ஒருத்தியும் இல்லை.

கவுன்சில் விதியை எதிர்த்துத் தெருவில் கையெழுத்து வாங்கியவள் மூன்றாம் வீட்டு ஷரோன். லாரி ஓட்டுகிறவள். அவளுக்கு நாலு கோழி.

“எங்க வீட்டுக்காரன் குறட்டைக்கு ஒரு சட்டமும் இல்ல. என் கோழி கொக்கரிச்சா மட்டும் சட்டமா?” என்று வீடு வீடாகக் கேட்டு நூற்றுப் பதினோரு கையெழுத்து வாங்கிவிட்டாள். டிசம்பர் முதல் வாரம் அவள் அசுந்தாவைக் கூப்பிட்டுச் சமையல் மேசையில் ஒரு கட்டுக் காகிதத்தைப் போட்டாள். கோழி வேண்டாம் என்று கவுன்சிலுக்கு எழுதியவர்களின் கடிதங்கள். பொதுப் பார்வைக்கு வைத்திருந்தார்கள், பெயர்களை மட்டும் கறுப்படித்து.

“உங்க வீட்டைப் பத்தி ஒண்ணு இருக்கு, செப்டம்பர்ல போன அந்தப் புகார். படி. படிச்சுட்டு என் தட்டு எதையும் உடைக்காத.”

அசுந்தா படித்தாள். நாற்றம், ஈ, எலி என்று வழக்கமானதெல்லாம் இருந்தது. கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: ‘ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அந்த மூதாட்டி கோழிக்கூட்டுச் சேற்றில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடந்தார். கோழிகளை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இதை அவர் தன் சொந்த மகனிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.’

அவள் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தாள். ஜூலை எட்டு. ஏழாம் தேதி அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சால்வு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தான். அந்த நாலு நாளும் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் ஒருத்திதான்.

மாமியார் விழுந்ததே அசுந்தாவுக்குத் தெரியாது. விழுந்ததைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். அதை மகனிடம் சொல்லவில்லை என்பது, சொல்லாதே என்று யாரிடம் கெஞ்சினாளோ அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“டோரிஸ்” என்றாள்.

“ஏன்டி? அவ அம்மாதானே?”

“பின்பக்கத்து நிலம். அங்க தன் மகனுக்கு வீடு கட்டணும்னு மூணு வருஷமா கேக்கறா. கோழி இருக்கற வரைக்கும் தர மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

“அப்ப இதை எடுத்துட்டுப் போய் இப்பவே கிழவி மூஞ்சிக்கு முன்னாடி வை.”

“வீட்டுக்குள்ள காட்டினா வீட்டுக்குள்ளயே அமுக்கிடுவாங்க, ஷரோன். சால்வு ‘விடு, குடும்பம்’னு சொல்லுவான். என்னை அசிங்கப்படுத்தினது வீட்டுக்குள்ள இல்ல. ஊர் முன்னாடி. நானும் ஊர் முன்னாடிதான் வைப்பேன்.”

“கவுன்சில்ல இதை நீ படிச்சா, கிழவி விழுந்தது வெளிய வரும். அதையே பிடிச்சுக்கிட்டு விதியைப் போட்டுடுவானுங்க. நம்ம எல்லாருக்கும் கோழி போயிடும்.”

“போகலாம். தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

ஷரோன் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினாள். “சரி. என் நாலு கோழியையும் சேர்த்துப் பந்தயமா வெச்சு ஆடு.”

அந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில் எல்லாரும் இருந்தார்கள். அசுந்தா நின்றபடியே சொன்னாள்: “வியாழக்கிழமை நான் கவுன்சில்ல பேசறேன். புகார் எழுதினது யாருன்னு அங்க எல்லாருக்கும் தெரியட்டும். எனக்கு இதுக்கு மேல தாங்காது.”

சால்வு முள்கரண்டியைக் கீழே வைத்தான். மனைவி ஒப்புக்கொள்ளப்போகிறாள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அவமானமும் நிம்மதியும் ஒன்றாக. டோரிஸ் மட்டும் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, “எதுக்கு அண்ணி ஊர் முன்னாடி... இங்கயே அம்மா கால்ல விழுந்துட்டா போச்சு” என்றாள்.

தான் செய்ததை இன்னொருத்தி ஒப்புக்கொள்ளப்போகிறாள் என்றதும் அவள் முகத்தில் வந்த தெளிச்சியை அசுந்தா பார்த்துக்கொண்டாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

“நான் வருவேன்” என்றாள் ஜூஸா. மூன்று மாதத்தில் மருமகளைப் பார்த்துத் திட்டாமல் அவள் சொன்ன முதல் வார்த்தை. “உன் வாயால வர்றதைக் காதால கேக்கணும். டோரிஸ், நீ என்னைக் கார்ல கூட்டிட்டுப் போ.”

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. கவுன்சில் கூடத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பங்குக் கூடத்துப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க. ஷரோன் கையெழுத்துக் கட்டைக் கொடுத்துவிட்டு இரண்டே நிமிடத்தில் உட்கார்ந்தாள். அடுத்தது அசுந்தா. ஒருவருக்கு மூன்று நிமிடம்.

அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். ஈ, எலி, நாற்றம். பிறகு ஜூலை எட்டாம் தேதி. சேறு. ஒரு மணி நேரம். மகனிடம்கூடச் சொல்லவில்லை.

மேயர் அம்மாள் குறுக்கிட்டாள். “எழுதினவங்க அடையாளத்தைச் சொல்லக் கூடாதும்மா.”

“நான் யார் பேரையும் சொல்லல. பேரை நீங்கதான் கறுப்படிச்சிட்டீங்களே” என்றாள் அசுந்தா. “அன்னிக்கு நான் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். என் மாமியார் விழுந்தாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது. அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க.”

ஜூஸா தடியை ஊன்றி எழுந்தாள். மேயரைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைத்தான் பார்த்தாள்.

“விழுந்தேன்” என்றாள். “நீதானே தூக்கின.”

“அம்மா, உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க...”

“சூசையப்பர் படத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணினியே, டோரிஸ். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு.”

“உங்க நல்லதுக்குத்தாம்மா எழுதினேன். இன்னொரு தடவை விழுந்து அங்கயே செத்துக் கிடந்தா...”

“நல்லதுக்குன்னா எழுதினேன்னு சொல்லியிருக்கணும். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கணும்.” கிழவி தடியை மருமகள் பக்கம் நீட்டினாள். “இவ கையால ஒரு வாய்த் தண்ணி நான் குடிக்கல. ஊர் பூரா இவளைத் தூத்தினேன். நீ பக்கத்துல உக்காந்து என் வாயைத் துடைச்சு விட்டியேடி... சூப்பு போதுமா அம்மா, இன்னும் வேணுமான்னு கேட்டியே...”

டோரிஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பங்குக் கூடத்து வரிசையில் ஒருத்திக்கும் தலை நிமிரவில்லை.

பிறகு கவுன்சிலர்கள் பேசினார்கள். ஒருவர் கிழவி விழுந்ததைப் பிடித்துக்கொண்டார், ஷரோன் பயந்தபடியே. “நான் குளியலறையிலயும்தான் விழுந்திருக்கேன். குளிக்கக் கூடாதுன்னு விதி போடுவீங்களா?” என்று ஜூஸா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். கூடம் சிரித்தது. ஆதரவு நாலு, எதிர்ப்பு ஐந்து. விதி தோற்றது. ஷரோன் விசிலடித்தாள்.

அசுந்தாவுக்கு அது காதில் சரியாக விழவில்லை. வெளியே வந்து, ஷரோனின் வண்டிக் கதவைத் திறந்தாள். சால்வு ஓடி வந்தான்.

“அசுந்தா... வா, நம்ம வீட்டுக்குப் போலாம். எனக்குத் தெரியாம போச்சு.”

“தெரிஞ்சுக்க நீ ஒரு கேள்வி கேக்கலையே, சால்வு. என்னைப் பாத்து ‘நீயா எழுதின’ன்னு ஒரு தடவை கேட்டியா? நீயும் அவங்களோட சேர்ந்து முடிவு பண்ணிட்ட. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்குக் கூடத்துல எழுந்து நின்னு சொல்லு, என் பொண்டாட்டி எழுதலன்னு. அதுவரைக்கும் நான் ஷரோன் வீட்டுல.”

அவனுக்குப் பின்னால் ஜூஸா தடியை ஊன்றிக் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். மகளுடைய கார்க் கதவு அவளுக்காகத் திறந்தே இருந்தது. அதைத் தாண்டி வந்தாள். எதிரே நின்று மருமகளின் கையைப் பிடித்தவள், அந்தக் கையைத் தன் கண்களில் வைத்துக்கொண்டாள். கை நனைந்தது. அசுந்தா இத்தனை நாள் அடக்கியது உடைந்தது. கிழவியின் தோளில் முகம் புதைத்து, கார்களுக்கு நடுவில், சத்தம் போட்டு அழுதாள்.

“என்னை மன்னிச்சிடுடி... நான் பாவி.”

“உங்களை எப்பவோ மன்னிச்சாச்சும்மா.”

“அவளையும்...” கிழவி திரும்பிப் பார்த்தாள். “என் வயித்துல பொறந்துட்டா. என்ன பண்ண?”

டோரிஸ் நாலடி தள்ளி நின்றாள். மை கரைந்து கன்னத்தில் ஓடியிருந்தது. “அண்ணி...”

அசுந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, கத்தவுமில்லை.

“செப்டம்பர் பதினஞ்சுலேருந்து இன்னி வரைக்கும் எண்பத்தேழு நாள், டோரிஸ். ஒவ்வொரு நாளும் எண்ணியிருக்கேன். நீயும் எண்ணு. எண்பத்தேழு நாள் எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. அம்மாகிட்டப் பேசக் கூடாது. எங்கயாவது எதிர்ல வந்தா நான் உன்னைப் பாக்காத மாதிரிதான் போவேன். மார்ச் எட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை, சாப்பிட வா. உன் தட்டை நானே போடறேன்.”

“அம்மா...” என்று டோரிஸ் தாயைப் பார்த்தாள்.

ஜூஸா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “ஏழு நாள் குறைக்கக் கூடாதா?” என்று மருமகளைக் கேட்டாள்.

“கூடாதும்மா.”

கிழவி தலையாட்டிவிட்டு, தடியை உள்ளே நீட்டி, ஷரோனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.