சிவப்பு எச்சரிக்கையைக் கொன்றது யார்?

"சான்றிதழ் சரியில்லைன்னு சிவப்பா எச்சரிக்கை வந்த பிறகும் 'பரவாயில்லை, தொடரு'ன்னு அமுக்குறவன், மனுஷ இனத்துக்கே துரோகி!"

முழங்கியவர் வாதிராஜ ஹெப்பார். பெங்களூரு ஜெயநகரில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர்.

கேட்டவர்களில் சிலர் விழித்திருந்தார்கள்.

"அந்த விரலை அப்படியே..."

ட்ர்ர்ரிங்!

ஹெப்பார் போனை எடுத்தார். கேட்டார். உட்கார்ந்தார்... நாற்காலி இல்லாத இடத்தில்!

"வினாத்தாள் அவுட்டு..." என்றார் தரையிலிருந்து.

அரசு வேலைக்கான தேர்வு. மையங்களில் வினாத்தாளை இறக்குவது இவர்களுடைய மென்பொருள். தாவணகெரெ மையத்தில் எவனோ நடுவில் ஒரு போலி சர்வரைச் சொருகி, கடவுச்சொல்லைக் கறந்து, தாளை முன்கூட்டியே விற்றுவிட்டான்!

சைபர் க்ரைம் இன்ஸ்பெக்டர் பசலிங்கப்பா வந்து சேர்ந்தார். ஹூப்ளிக்காரர். கையில் மண்டக்கி, அதாவது மசாலாப் பொரிப் பொட்டலம்.

"போலியை மாட்டினவனைப் புடிச்சாச்சு. ஆனா உங்க சாஃப்ட்வேர் ஏன் கத்தல?"

"கத்தணும் சார். சான்றிதழ்ங்கிறது சர்வரோட அடையாள அட்டை மாதிரி. பொருந்தலைன்னா சிவப்பு எச்சரிக்கை வந்து வேலை நின்னுடும்."

"நிக்கலையே! எவனோ அது வாயில துணியை அடைச்சிருக்கான்."

ஹெப்பார் நிரலைத் திறந்தார். உருட்டினார். உறைந்தார்.

ஒரே ஒரு வரி.

எந்தச் சான்றிதழ் வந்தாலும் 'சரி' என்று தலையாட்டு!

பக்கத்திலேயே, அதைப் பதிந்தவரின் பெயர்...

சுப்ரபா!

"ஐயோ, நான் இல்ல சார்!" கடைசி வரிசையிலிருந்து அலறினாள் சுப்ரபா.

"மகளே..." ஹெப்பாரின் குரல் உடைந்தது. "ஷிவமொக்காலேர்ந்து வந்து நின்னப்ப உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். முதுகுல குத்திட்டியே!"

"கிளம்பு தங்கச்சி," என்றார் பசலிங்கப்பா. "உள்ள போனா வெளிய வர வருஷமாகும்."

சுப்ரபா நகரவில்லை. திரையையே பார்த்தாள்.

"சார்... அந்த வரி பதிவான தேதி. ஆயுத பூஜை!"

"அதனால?"

"அன்னைக்கு இங்க யாரும் கீபோர்டைத் தொட மாட்டோம். குங்குமம் வெச்சு, மாலை போட்டு, திரையை எரியவிட்டுட்டுப் போயிடுவோம்."

"பூட்டாமலா?"

"பூட்டணும்னா கீபோர்டைத் தொடணுமே சார்!"

பசலிங்கப்பாவுக்கு மண்டக்கி புரையேறியது. "வெளங்கிடும்!"

"எல்லாரும் வாசல்ல பூசணிக்காய் உடைச்சுட்டிருந்தோம். இதோ போட்டோ."

போட்டோவில் எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். ஹெப்பாரைத் தவிர. அவர் படத்திலேயே இல்லை!

"போட்டோ எடுத்ததே நான்தானே!" சீறினார் ஹெப்பார்.

"இது செல்ஃபி சார்."

ஹெப்பார் சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

"எதுக்குச் சண்டை?" பசலிங்கப்பா விரல்களைத் தட்டிக்கொண்டார். "கீபோர்டை லேபுக்கு அனுப்புறேன். குங்குமத்துல விழுந்த ரேகை லேசுல போகாது."

"வாய்ப்பே இல்ல! ஈரத்துணியால துடைச்சுட்டேனே..."

ஹெப்பார் வாயைப் பொத்தினார். வாய் ஏற்கெனவே தன் வேலையை முடித்திருந்தது.

"நம்ம சர்வரோட சான்றிதழ் அன்னைக்குக் காலாவதி..." முனகினார். "புதுப்பிக்க வேண்டியவன் நான். மறந்துட்டேன். பூஜை லீவு முடிஞ்ச கையோட அதிகாரிங்க முன்னாடி ஒத்திகை. சிவப்பு வந்தா என் மானம் போயிடும்! ஒரு நாளைக்குன்னுதான் அந்த வரியைப் போட்டேன். அப்புறம் சான்றிதழைப் புதுப்பிச்சேன். வரியை எடுக்க மறந்துட்டேன்."

"பூட்டாத மெஷின் அத்தனை இருந்துச்சே." சுப்ரபா அவர் முன்னால் வந்து நின்றாள். "ஏன் சார் என்னோடது?"

ஹெப்பார் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க!"

"என்ன ஆனாலும்... நீ என்னைச் சந்தேகப்பட மாட்டேன்னு..."

அவள் அழவில்லை. "இனிமே மகளேன்னு கூப்பிடாதீங்க," என்றாள். அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷன்.

பசலிங்கப்பா ஹெப்பாரின் ஜாமீன் விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரை சிவந்தது!

'இந்தத் தளத்தின் சான்றிதழ் செல்லாது.'

"அட! இது ஏறினாத்தான் உங்களுக்கு ஜாமீன். இதைச் சரி பண்றவன் மங்களூர்ல மச்சினிச்சி கல்யாணத்துல இருக்கான். திங்கக்கிழமை வருவான். அதுவரைக்கும்..."

லாக்கப்பைக் காட்டினார். உள்ளே ஒரு முரட்டு மீசை, பக்கத்தில் இடம் இருப்பதாகத் தரையைத் தட்டிக் காட்டியது.

இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போனார்.

ஹெப்பார் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மெல்ல விரலை நீட்டினார்.

'பரவாயில்லை, தொடரு.'

க்ளிக்!

"சார்..." காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் மட்டும் பார்த்துவிட்டார். "ஒருவேளை அது எவனாவது வெச்ச போலித் தளமா இருந்தா?"

"அதைத் திங்கக்கிழமை பாத்துக்கலாம், குரு!"