வேர்வை வாடை

அன்றைக்கும் பூவை மட்டும் காணவில்லை.

இலைகள் அப்படியே இருந்தன, மொட்டுகள்கூட இருந்தன. முதல்நாள் மாலை ஜன்னலுக்கு நேரே விரியத் தொடங்கியிருந்த டேலியாப் பூ மட்டும் போயிருந்தது. தையற்காரி குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தாள். முயல் கடித்தால் கத்தரியால் சாய்வாக வெட்டியதுபோல இருக்கும், மான் இழுத்தால் நார்நாராகக் கிழியும் என்று கேள்விப்பட்டிருந்தாள். இது இரண்டும் இல்லை. நுனி வழவழவென்று, வெகுநேரம் யாரோ வாயில் வைத்துச் சப்பியதுபோல ஈரமாக இருந்தது.

மகள் ஜன்னலோரக் கட்டிலில் பதினோரு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். ஏழு வயது. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூ விரிந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் தலையணையை விட்டுத் தலையைத் தூக்குவாள்.

"இன்னைக்கும் பூக்கலையாம்மா?"

"சோம்பேறிப் பூ, கண்ணு. உன்னை மாதிரியே படுத்துக் கெடக்கு."

மகள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெருமுனை சலூன்காரர் ஒரு பை நிறைய வெட்டிய முடியைக் கொடுத்தார். "செடியைச் சுத்தித் தூவுங்கக்கா. மனுஷ வாடை பட்டா எந்த மிருகமும் கிட்ட வராது. என் சம்சாரமே அந்த வாடைக்குத் தள்ளித்தான் படுக்குறா."

இரண்டு நாள் தூவியும் பூ நிற்கவில்லை. மறுபடி போய்க் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "நான்தான் ஷாம்பு போட்டு அலசிட்டு வெட்டுறேனே, அதுல என்ன வாடை இருக்கும். உடம்புல போட்டுக் கழட்டுன துணியைக் கட்டிப் பாருங்க. வேர்வை ஊறுனதா இருக்கணும்."

வீட்டில் அப்படி இருந்தது மகளின் இரவுச்சட்டை ஒன்றுதான். கழுத்திலும் அக்குளிலும் காய்ச்சல் வேர்வை பிசுபிசுத்தது. அவள் யோசிக்கவில்லை. குச்சி நட்டு, இரண்டு கைகளும் விரிந்திருக்கும்படி அதை மாட்டிவிட்டாள்.

காலையில் நான்கு பூக்கள் நின்றன. மகள் எழுந்து உட்கார்ந்து, கேட்காமலே அரைத் தட்டு சாப்பிட்டாள். அன்று மாலை தையற்காரி, மகள் வேர்த்துக் கழற்றிய வேறொரு சட்டையைக் கட்டினாள், மறுநாள் மாலை இன்னொன்றை. பூக்கள் கூடிக்கொண்டே போயின.

நான்காம் நாள் சாயங்காலம் சட்டைகளைத் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தாள். மூன்றிலும் கழுத்துப்பட்டை இல்லை. அக்குள் இல்லை. முதுகில் வேர்வை படியும் இடம் வட்டமாகப் போயிருந்தது. மற்ற இடங்களில் அவள் போட்ட தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஓட்டைகளின் விளிம்பு வழவழவென்று ஈரமாக இருந்தது.

பூக்களை அது விட்டுவிட்டதன் காரணம் பயமில்லை.

பாத்தியின் மண்ணில் அழுத்தமான தடங்கள் செடிகளுக்கு நடுவே, ஒரு மொட்டைக்கூட உரசாமல், நேரே வீட்டை நோக்கி வந்திருந்தன. ஜன்னல் கண்ணாடியில், மகளின் தலையணை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரக்கோடு. இன்னும் காயவில்லை.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு துணிச்சுருள்கள் அடுக்கிய உள்ளறைக்கு ஓடினாள். அதற்கு ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாளைப் போட்டாள், தையல் மேஜையைக் கதவோடு தள்ளினாள், டாக்டருக்குப் போன் செய்தாள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள்.

"எதுக்கும்மா பதறுறீங்க? இன்னைக்கோட காய்ச்சல் விட்டுடும். நல்லா வேர்த்துக் கொட்டும் பாருங்க. வேர்த்துட்டா பயமே இல்லை."

போனை வைத்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முன்வாசல் பக்கம் கதவு மரம் நெரியும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கூடத்தில் ஏதோ மெதுவாக, அவசரமே இல்லாமல், தரையை முகர்ந்துகொண்டு வந்தது. காலியான கட்டிலருகே நின்றது. விரிப்பைச் சப்பும் சத்தம். வெகுநேரம்.

"அம்மா," என்றாள் மகள். பல நாளுக்குப் பிறகு தெளிந்த குரல். "வேர்க்குதும்மா."

நெற்றியில் முத்து முத்தாக. மேலுதட்டில். கழுத்தில்.

அவள் துடைத்தாள். துணிச்சுருளைக் கிழித்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது. உடம்பு குளிர்ந்துகொண்டே வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள். பிள்ளை நனைந்துகொண்டிருந்தாள்.

கூடத்தில் சப்பும் சத்தம் நின்றது.

ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இன்னொன்று.

"பசிக்குதும்மா."

"ஷ்ஷ்."

கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியே நாக்கு வந்தது. வெளிறிய, தட்டையான, நீண்ட நாக்கு. மேஜைக்காலைச் சுற்றி வந்தது. முதல் சொட்டைத் தொட்டது. நிதானமாக நக்கியது. அடுத்ததைத் தேடியது.

அதன் பக்கத்திலேயே, இடைவெளிக்குள் கஷ்டப்பட்டு நுழைந்து, இன்னொரு நாக்கு வந்தது. சின்னது. பெரியது விலகி, அதற்கு இடம் விட்டது.