பெரியவருக்குக் கொடுக்காத சாவி

கீழே வருவதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. இது சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் அய்யனார் கோவில் அருவிக்கடியில் தலையைக் கொடுத்து நின்றுகொண்டு கேட்கட்டும். அங்கேயும் இதே கதைதான் சொல்லப்படும், மூச்சு முட்டினாலும்.

தொண்ணூற்றாறில் ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ராஜபாளையத்து அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டடம் முன்பு பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி. நட்ட நடுப்பகலிலும் உள்ளே விளக்குப் போட வேண்டும். மை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, அதற்கு மேலே மூக்குப்பொடி நெடி. அங்கே பொடி போடுகிற ஆள் ஒருவரும் இல்லை.

சுவரில் மாலை போட்ட படம். செத்துப்போன முதலாளி கண்ணுச்சாமி. படத்துக்குக் கீழே ஆணியில் கொத்துக் கொத்தாய்ச் சாவிகள்.

"மேசைக்குப் பூட்டு வாங்குனியாம்மா?" என்றார் மகன் சௌந்தரபாண்டியன். "சாவி ரெண்டு இருக்குமே. ஒண்ண அப்பா படத்துல மாட்டிரு. இங்க எல்லாரும் அப்படித்தான்."

"செத்தவியளுக்கு எதுக்கு அண்ணாச்சி சாவி?"

"செத்த பொறவுதான் தாயி அதிகமாக் கேக்காரு."

பைண்டிங் செய்யும் வெள்ளத்தாய் விளக்கம் சொன்னாள். "உசுரோட இருக்கையிலயே அவியளுக்குப் பூட்டுன்னா ஆவாது. எல்லாரு மேசையையும் நோண்டுவாக. யாரு படம் வரஞ்சாலும் அடியில கண்ணுச்சாமின்னுதான் அச்சாகும். இப்பவும் அப்படித்தான். நான் ஒரு தலையணை உறையில கிளி தச்சுப் பையில போட்டுப் பூட்டி வச்சேன். ரெண்டாஞ்சாவிய மாட்ட மறந்துட்டேன். மத்தியானம் பூட்டு தெறந்து கெடக்கு. கிளிக்கு அடியில செவப்பு நூல்ல கண்ணுச்சாமின்னு தச்சிருக்கு!"

"நீ என்னக்கா செஞ்ச?"

"என்ன செய்ய? அந்த நூல் சாயம் போகாத நூல். இன்னும் அதுலதான் தல வச்சுப் படுக்கேன்."

ஜெயபாய் சிரித்தாள். மேசைச் சாவியை மட்டும் மாட்டிவைத்தாள். மேசையில் ஒன்றுமில்லை. அவள் சொத்தெல்லாம் செங்கல் கனத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து வயரால் சொருகுகிற வகை. அதற்குள் அவள் கையால் வரைந்து வரைந்து, கல்யாணப் பத்திரிகைக்கென்றே உருவாக்கிய தமிழ் எழுத்துகள். 'ழ'வின் சுழிக்காக மட்டும் ஒரு கோடைகாலம் போயிருந்தது. மதுரைக் கம்பெனி ஒன்று அந்த எழுத்துக்கு மாதிரித்தாள் கேட்டிருந்தது. தாளில் யார் பெயர் இருக்கிறதோ, எழுத்து அவர்களுடையது.

தன் பெயரைப் போட்டு மாதிரியை அச்சடித்துப் பார்த்தாள். அடியில், 'எழுத்து வடிவம்: கண்ணுச்சாமி'.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். கண்ணுச்சாமி.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. மதுரைக்குப் போய் ஒரு புரோகிராம் வாங்கி வந்தாள். டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் அரைத்துக் கலக்கி, பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி ஆக்கிவிடும் புரோகிராம். பாஸ்வேர்டை மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது என்று திரையிலேயே எச்சரித்தது. ஜெயபாய் ஒரு தடவை அடித்தாள். உறுதிசெய்ய இன்னொரு தடவை அடித்தாள். டிஸ்க் வெகுநேரம் கரகரவென்று அரைத்து ஓய்ந்தது.

சௌந்தரபாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. "ஏம்மா, இதுக்கு ரெண்டாவது சாவி?"

"சாவி என் மண்டைக்குள்ள இருக்கு அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதியாவது படத்துல சொருகிருவமே?"

"அவியளுக்கு இல்லன்னு சொல்லிருங்க."

மறுநாள் உச்சி வேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கரண்டு போனது. அச்சு எந்திரம் நின்றது, மின்விசிறி நின்றது, திரை அணைந்தது.

மூக்குப்பொடி நெடி எழுந்தது.

ஆணியில் சாவிகள் ஒன்றோடொன்று உரசின. காற்று இல்லை.

திரை மட்டும் தானாக மறுபடி எரிந்தது.

பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். விசைப்பலகையில் ஒரு விசை தானாக அமுங்கியது.

கே.

ஏ.

என்.

இன்னொரு என். யூ. எஸ். ஜெயபாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். முழுப்பெயரும் முடிந்ததும் 'தவறு' என்றது திரை. மறுபடி அதே பெயர். மறுபடி தவறு. விசைகள் வேகமெடுத்தன, ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதைப்போல.

பிறகு நின்றன.

காதோரம் ஈரமான மூச்சு. "ஏட்டி... சாவி..."

"தர மாட்டேன்."

நெற்றியில் சில்லென்று ஏதோ பொருந்தியது. இரும்பு. பல் பல்லாய் இருந்தது.

திரும்பியது.

அவள் தலைக்குள் ஓர் அறை திறந்தது. அம்மாவின் முகம். அடுத்த அறை. அஞ்சாம் வகுப்பு டீச்சரின் குடை. அடுத்தது, மம்சாபுரத்துச் சித்தி வீட்டு ஆடு. குளிர்ந்த விரல்கள் ஒவ்வொன்றையும் புரட்டிப் போட்டன. வாய் கோணியது. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்.

"தேடும்! நல்லாத் தேடும்! ஆட்டுக்கு அடியிலயும் பாரும்! என் எழுத்துக்கு நான்தான் பேரு போடுவேன். உம்மால ஆனதப் பாரும்!"

இரும்பு ஒரு தடவை வெறுமனே சுற்றியது. எதுவும் திறக்கவில்லை. படத்துக்குக் கீழே சாவிகள் மொத்தமாகத் தரையில் கொட்டின.

கரண்டு வந்தது.

ஜெயபாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தாள். டிஸ்க் திறந்தது. தன் பெயரை மறுபடி அடித்து அச்சுக்குக் கொடுத்தாள். மாதிரித்தாள் வெளியே வந்தது. அடியில், 'எழுத்து வடிவம்: ஜெயபாய்'. அன்று சாயங்காலமே மதுரைக்குத் தபாலில் போய்விட்டது.

சாப்பிட்டு வந்த வெள்ளத்தாய் நச்சரித்தாள். "அப்படி என்னட்டி பாஸ்வேர்டு வச்ச?"

"என் பேருதான்க்கா."

"அட கூறுகெட்டவளே! பச்சப்புள்ள கண்டுபிடிச்சிருமே!"

"பச்சப்புள்ள கண்டுபிடிக்கும். வேலைக்காரி பேர ஒரு நாளாவது சொல்லிப் பழகுனவரா அவரு? என் மண்டைக்குள்ள அறைக்கு அறை அந்தப் பேருதான் எழுதிக் கெடந்துச்சு. தாண்டித் தாண்டிப் போறாக."

அடுத்த வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணப் பத்திரிகைகளில் பாதி அவள் எழுத்தில்தான் வந்தன. அச்சகத்தில் விசைப்பலகையை எத்தனையோ தரம் மாற்றிவிட்டார்கள். எந்தப் பலகை வந்தாலும் மாதம் முடிவதற்குள் குறிப்பிட்ட சில விசைகள் மட்டும் எழுத்தழிந்து வழுவழுவென்று ஆகிவிடுகின்றன. கே, ஏ, என், யூ, எஸ், எம், ஒய்.

கண்ணுச்சாமி பிறந்ததிலிருந்து சாகும்வரை கைநாட்டு. எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. செத்த பிறகு அவர் கற்றுக்கொண்டது தன் பெயர் ஒன்றைத்தான்.