பச்சை விளக்கு எரியும் பெட்டி

பாட்டு ரிசீவரை அணைத்து இரண்டு மணி நேரமாகியும், அடித்தொனியை அதிரவைக்கும் சப்வூஃபர் பெட்டியின் சின்ன விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. பாட்டு வந்தால் பச்சை. வராவிட்டால் கால் மணி நேரத்தில் சிவப்புக்கு மாறித் தூங்கிவிட வேண்டும், அதுதான் அந்தக் கறுப்புப் பெட்டியின் சுபாவம். இது என்னடா கூத்து என்று அவன் குனிந்து பார்த்தான்.

ரிசீவர் அவன் அப்பா வாங்கியது. சப்வூஃபருக்கென்று தனித் துளை இல்லாத பழைய சாமான். அதனால் இன்று காலை ஸ்பீக்கருக்குப் போகும் முனைகளிலிருந்தே வயர் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்திருந்தான். ஒரே ஒரு சோம்பேறித்தனம்: பாட்டு பாதியில் நிற்க வேண்டாமே என்று ரிசீவரை அணைக்காமலே வேலை பார்த்தான். மனைவிதான் உதவிக்கு வந்தாள். "நீங்க அந்தப் பக்கம் முறுக்குங்க, நான் இதப் புடிச்சுக்கறேன்" என்று தோல் சீவிய செம்பு முனைகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்ஸ்... சுருக்குனுச்சுங்க."

"இதுல எல்லாம் ஷாக் அடிக்காதும்மா. உனக்கு வெறும் பயம்."

"ஆமா, பெரிய இன்ஜினியரு!" என்று சிரித்தவள், அசதியாக இருக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

இப்போது பிற்பகல் வெளிச்சம் ஜன்னல் திரையில் மங்கிக்கிடக்க, சூடேறிய தூசியின் வாடை மூக்கில் ஏற, தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏதோ வந்து வந்து போவதை அவன் உணர்ந்தான். பெட்டியின் முகப்புத் துணிமேல் கையை வைத்தான். உள்ளே இருந்து மெதுவாக ஒரு தட்டல். சற்று விட்டு இன்னொன்று.

சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "மாப்ள, அந்தச் சனியன நிறுத்துங்களேன். நெஞ்சுல இடிக்குது."

"பாட்டே ஓடல அத்தை."

"அப்ப எது இடிக்குதாம்?"

அவன் பெட்டியின் பின்னால் கைவிட்டு, ரிசீவரிலிருந்து வந்த இரண்டு வயர்களையும் உருவினான். ரிசீவரோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தட்டல் நிற்கவில்லை. மனைவியை எழுப்பலாமென்று உள்ளே போனான்.

அவள் விழித்து உட்கார்ந்திருந்தாள். "கையெல்லாம் சில்லுனு இருக்குங்க. தொட்டுப் பாருங்க."

மணிக்கட்டைப் பிடித்தான். நாடி தட்டுப்படவில்லை. சரியாகப் பிடிக்கவில்லை போலும். கழுத்தைத் தொட்டான். அங்கேயும் இல்லை. நெஞ்சில் காதை வைத்தான். காலி வீட்டுக் கதவில் காதை வைத்த மாதிரி இருந்தது.

"என்னங்க பண்றீங்க? எனக்குப் பயமா இருக்கு."

சுவருக்கு அப்பால் பெட்டி வேகம் எடுத்தது.

அவன் காதை எடுத்தான். சிரிக்க முயன்றான். "ஒண்ணுமில்ல. பொண்டாட்டி நெஞ்சுல இடம் இருக்கான்னு பாத்தேன்."

"போங்க, லூசு." அவள் சிரித்தாள். பெட்டி நிதானமானது.

அந்தத் துடிப்பு இவளுடையதுதான். கடவுளே. நான்தான் பிடிக்க விட்டேன்.

"ஏன் அழறீங்க? என்னாச்சு? சொல்லுங்க!"

தட்டல் எகிறியது. தட் தட் தட். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹாலில் மாமியாரின் செருப்புச் சத்தம்.

"காது போயிடும் போல இருக்கு. நானே புடுங்கறேன்."

"அத்தை! தொடாதீங்க! அத்தை!"

கத்தினான். எழ முடியவில்லை. பயத்தில் மனைவி அவன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

தட் தட் தட்.

தட்.

வீடு அமைதியானது.

மாமியார் பெட்டியின் கரண்ட் பிளக்கைக் கையில் பிடித்தபடி, வயர் பின்னால் இழுபட, அறை வாசலில் வந்து நின்றாள். "அப்பாடா. இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றாள்.

அவன் தோளில் முகவாயை வைத்தபடி மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.