மணிக்கு முந்திய கை

நேற்று அவள் வெறுமையாக விட்டுப்போன கட்டத்தில் இன்று அவளுடைய கையெழுத்து இருந்தது.

நவமணி பதிவேட்டைச் சிவப்பு விளக்கின் அடியில் நகர்த்தி இன்னொரு முறை பார்த்தாள். ‘மாலைத் தண்ணீர் கொடுக்கப்பட்டது’ என்ற தலைப்பின் கீழ், செவ்வாய்க்கிழமைக்கு நேரே, அவள் பெயர். கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி வளைந்து நின்றது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் முட்டியில் அடித்தும் திருந்தாத அதே வால். ஆனால் அவள் போடவில்லை. போட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நேற்று மாலை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புந்தோங்கிலிருக்கும் வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

வெளியே சிம்பாங் பூலாயில் காலை பத்து மணி. சுண்ணாம்புக் குன்றுகளில் வெயில் ஏறியிருக்கும், குவாரி லாரிகள் தூசியை வாரி இறைத்துக்கொண்டு போகும். இந்த அறைக்குள் மட்டும் நடுச்சாமம். சுண்டெலி இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால் அதற்குப் பகலையே ராத்திரியாக்கிக் கொடுத்திருந்தார்கள்: சன்னல் இல்லாத சுவர், ஒரே ஒரு சிவப்பு விளக்கு, மரத்தூளும் எலி மூத்திரமும் கிருமிநாசினியும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும் நெடி, அடுக்கடுக்கான கூண்டுகளுக்குள் நூற்றுப் பன்னிரண்டு சின்ன வாய்கள் எதையோ கொறித்துக்கொண்டே இருக்கும் சத்தம்.

இன்று அந்தச் சத்தம் குறைவாக இருந்தது. தண்ணீர் காணாத வாய் கொறிப்பதில்லை.

சனிக்கிழமை திறப்பு விழா. ‘தென்கிழக்காசிய உயர்நிலைச் சிறுமூளை மேன்மை மையம்’ ஓடத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. இது மூன்றாவது திறப்பு விழா. ரோட்டிலிருந்து அதன் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு லாரி கடந்துவிடும். உள்ளே இருப்பது நான்கு அறை. நான்கையும் சேர்த்தாலும் முன்கூடத்தில் பாதி வராது, ஏனென்றால் படம் எடுப்பது முன்கூடத்தில்தான்.

முன்கூடத்தின் நடுவே ஒரு சட்டத்தில் பழைய தண்டவாளத் துண்டு தொங்கியது. இந்த இடம் ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திய பெரட்டு மணி. லயத்து வீடுகளை இடித்தவர்கள் இதை மட்டும் பூப்போலக் கழற்றி வைத்திருந்தார்கள். இயக்குநர் டத்தோ டாக்டர் ஜெயபாலனுக்கு அதைப் பார்த்தாலே குரல் தழுதழுக்கும். அவர் பிறந்து வளர்ந்தது ஈப்போ டவுனில், மாடி வீட்டில். அந்த மணியோசையைப் பதிவு செய்து, எலிகளுக்குப் பயிற்சி கொடுக்க அதையே வைக்கச் சொன்னார். பிறகு கட்டடம் முழுக்க ஒலிக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு நானூறு தடவை. கழிவறையிலும் பாரம்பரியம் அடித்தது.

நவமணிக்கு அந்த மணியின்மேல் உருக்கம் ஏதும் இல்லை. அவள் அப்பா அதற்குத் தூக்கத்திலேயே எழுந்து, தூக்கத்திலேயே நடந்து, பெரட்டுக்களத்தில் நின்ற பிறகுதான் கண் விழிப்பார்.

“ரோய்ஸ்டன் சார், என் கையெழுத்த யாரு போட்டது?”

ஆய்வாளர் ரோய்ஸ்டன் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீங்கதான்கா போட்டீங்க. நேத்து நாலு மணிக்கு. நான் பார்த்தேன்லா.”

“பொய் சொல்லாதீங்க. டத்தோ சொன்னாரா போடச் சொல்லி?”

“சத்தியமாக்கா. மணி அடிச்சிச்சி, போட்டீங்க. நானே நெனைச்சேன், அக்காவுக்குக் கோவம் போயிருச்சின்னு.”

கோபம் போகவில்லை. விழாவில் எலிகள் விருந்தினர் முன் வேகமாக வேலை செய்ய வேண்டும், அதற்குத் தாகம் வேண்டும் என்று டத்தோ மாலைத் தண்ணீரை நிறுத்தியிருந்தார். வேலையின்போது கிடைக்கும் சொட்டுகளோடு சரி. ஆனால் விலங்கு நலக் குழு வந்து பார்க்கும் பதிவேட்டில் மட்டும் தண்ணீர் தினமும் ஓட வேண்டும், நவமணியின் கையெழுத்தோடு. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் விழா இல்லை. பதினேழாம் எண் எலியின் பிடரித் தோலை இன்று அவள் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியபடியே நின்றது, தண்ணீர் வற்றிய தோல்.

இதற்குக் கையெழுத்தா? அவள் செத்தாலும் போட மாட்டாள்.

வேலை தொடங்கியது. பதினேழைச் சின்னக் குழாய்க்குள் படுக்க வைத்து, மண்டையில் ஒட்டியிருந்த தகட்டைத் திருகாணியில் மாட்டினாள். மணி அடித்தால் எலி முன்னங்கையை நீட்டி ஒரு நெம்புகோலை இழுக்க வேண்டும். இழுத்தால் நாக்கில் ஒரு சொட்டு. இழுத்த ஒவ்வொரு தடவையும் நவமணி தாளில் ஒரு குறி போட வேண்டும். எலியின் பின்மண்டைக்குள் முடியளவு கம்பி ஒன்று போயிற்று. அதன் மறுமுனை ஒலிபெருக்கியில். சிறுமூளை பேசும்போதெல்லாம் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலப் படபடவென்று கேட்கும்.

“புதுசுல தண்ணி நாக்குல பட்டாத்தான் பேசும்கா,” என்று ரோய்ஸ்டன் ஒருமுறை விளக்கியிருந்தான். “படிச்சிட்டா அது வரைக்கும் காத்திருக்காது. மணி கேட்டதுமே பேசிடும். கை கெளம்புறதுக்கு முன்னாலயே.”

“அப்ப கைய இழுக்கிறது யாரு? எலியா, மண்டையா?”

“அதக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க லா.”

அன்று முழுக்க அவள் காதை அதிலேயே வைத்திருந்தாள். மணி, தூறல், கை, சொட்டு. மணி, தூறல், கை, சொட்டு. மதியத்துக்கு மேல் வரிசை மாறியிருந்தது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. தூறல், மணி. எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாத மணி அது. கணினி தன் இஷ்டத்துக்கு அடிக்கும். அதற்கு முன்னால் எது பேசுகிறது?

வீட்டுக்குக் கிளம்பும்போது அறையிலிருந்த பேனாக்களை எல்லாம் பொறுக்கி வண்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். புதன்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்தது. இரண்டு தடவை பார்த்தாள்.

வியாழக்கிழமை பேனா இல்லாமலே உள்ளே போனாள். குறிகளை ரோய்ஸ்டனே கணினியில் போட்டுக்கொண்டான். மாலையில் பதிவேட்டைத் திறந்தாள். புதன்கிழமைக் கட்டத்தில் மை இல்லை. அப்பாடா என்று மூடப்போனவள் தாளைச் சாய்த்துப் பிடித்தாள். காகிதம் பள்ளம் விழுந்திருந்தது. பெயர். வால். கோட்டைத் தாண்டி.

வலது கை ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகத்துக்கு அடியில் வெள்ளையாகக் காகிதத் துகள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீ வெளிய போ,” என்றாள் ரோய்ஸ்டனிடம், ‘சார்’ போடாமல். அவன் போனான். எலிகளைக் கூண்டுக்குள் விட்டாள். கம்பி மேசைமேல் கிடந்தது, எந்த மண்டையோடும் சேராமல். வலது கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“வா, பார்ப்போம்,” என்றாள் கையிடம்.

குளிர்சாதனத்தின் முனகல். மரத்தூள் வாடை. நெற்றியிலிருந்து இறங்கிய ஒரு வியர்வைத் துளி மூக்கின் ஓரமாக வந்து உதட்டில் நின்றது. அடுக்கில் எதுவும் அசையவில்லை. நூற்றுப் பன்னிரண்டும் கூண்டு விளிம்புக்கு வந்து உட்கார்ந்திருந்தன.

ஒலிபெருக்கியில் தூறல்.

கம்பி மேசைமேல்தான் கிடந்தது.

கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. நீண்டது. எதையோ பிடித்து இழுத்தது. அதற்குப் பிறகு மணி அடித்தது.

நாக்கு வெளியே வந்து உதட்டிலிருந்த துளியை நக்கியது.

வெள்ளிக்கிழமை டத்தோ அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் பதிவேடு. மூன்று நாளும் அவள் கையெழுத்தால் நிரம்பியிருந்தது. டத்தோவின் முகம் மலர்ந்திருந்தது.

“பாருங்க நவமணி, ஒத்துழைச்சிட்டீங்க. நாளைக்கு நம்ம இனத்தோட வரலாறு எழுதப்படப் போவுது. அதுல உங்க கையெழுத்தும் இருக்கும்.”

“எலிக்கு வரலாறு வேணாம் டத்தோ. தண்ணி வேணும்.”

“உங்க காண்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?”

“எனக்கு இருக்கு. என் கைக்குத்தான் இல்ல.”

டத்தோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார் போல, சிரித்தார். அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மணி அடித்தது. மேசைக்கு மேல் அவருடைய வலது கை லேசாக நீண்டு, இழுத்து, பழைய இடத்துக்கு வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை, விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அவள் வந்தாள். கூண்டு கூண்டாகப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளை மாட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு நாக்குகள் ஒரே நேரத்தில் குடித்தன. வயிறு நிறைந்த எலி நெம்புகோலை இழுக்காது. அது டத்தோவுக்குத் தெரியும்போது மேடையில் இருப்பார். பிறகு பதிவேட்டைத் திறந்து, பேனாவை இடது கையில் பிடித்து, அந்தக் கையெழுத்துகளின் மேலேயே முதலாம் வகுப்புப் பிள்ளைபோலக் கோணல்மாணலாக எழுதினாள்: ‘பொய். நான்கு நாள் கொடுக்கவில்லை. இன்றுதான் கொடுத்தேன்.’ இடது கைக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அது இன்னும் அவளுடையது.

முன்கூடத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வண்டியில் கேஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, கட்டுகிற ரப்பர் வார், பழைய டியூப்பை வெட்டியது, பைக்குள் இருந்தது. அதை எடுத்து வலது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு நான்கு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

பக்கத்தில் நின்ற காவலாளி சீனி குனிந்தார். “என்னா நவமணி, கைய கட்டிட்டு உக்காந்திருக்க?”

“கண்டவன் கூப்பிட்டா ஓடுது அண்ணே.”

அவர் சிரித்தார்.

பெரிய திரையில் பதினேழாம் எண் தெரிந்தது. குழாய்க்குள் படுத்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ரோய்ஸ்டன் அதன் மண்டைக் கம்பியை முன்கூடத்து ஒலிபெருக்கியில் இணைத்திருந்தான். முன்வரிசையில் விருந்தினர்கள். சுவரோரம் பூப்போட்ட பத்தேக் துணி உடுத்திய நாற்பது ஊழியர்கள். டத்தோ நாற்பது நிமிடம் பேசினார். பிறகு தண்டவாள மணியை அடிக்கச் சுத்தியலை எடுத்தார்.

தூறல்.

மணி.

எலி கையை நீட்டவில்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

சுவரோரம் நாற்பது வலது கைகள் நீண்டன. எதையோ பிடித்தன. இழுத்தன. நாற்பது நாக்கு நுனிகள் வெளியே வந்து உள்ளே போயின. சீனியின் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் போய்த் திரும்பியது.

விருந்தினர்கள் கைதட்டினார்கள். நல்ல நடனம்.

டத்தோவின் கையும் இழுத்தது. அதில் சுத்தியல் இருந்தது. கை நீண்டது: மணி. நாற்பது கைகள். கைதட்டல். இழுத்தது. நீண்டது: மணி. அவருடைய உதடுகள் படம் எடுப்பவனைப் பார்த்துச் சிரித்தன. கண்கள் சிரிக்கவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடின. நவமணியைக் கண்டன. அவள் கட்டிய கையைக் கண்டன. அங்கேயே நின்றன.

மணி. கைதட்டல். மணி. கைதட்டல்.

அவள் எண்ணினாள். பதினெட்டு. பத்தொன்பது.

இருபதாவது தடவை கைதட்டல் மணிக்கு முன்னால் வந்தது.

விருந்தினர்களின் நாக்குகளும் வெளியே வந்து உள்ளே போயின.

அந்தக் கூடத்தில் சும்மா இருந்த கைகள் இரண்டு பேருடையவை. திரையிலிருந்த எலியினுடையவை. அவளுடையவை. எலி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தூறல்.

நாற்காலிக் கை கிறீச்சிட்டது. ரப்பர் வார் நீண்டது. தோல் கிழிந்தது. அவள் இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, நாக்கைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்பாக இருந்தது.

இழுடி, என்றாள் மனசுக்குள், கையிடம். எவ்வளவு இழுப்பாய், இழு.

ஒன்று விடாமல் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின, கைகள் நீண்டபடி, மணி இன்னும் அடிக்கவில்லை.