வாழைத்தோட்டத்துக்குள் ஒரு குறுக்குச் சாலை

மணிமேகலையின் வீட்டு வாழைத்தோட்டத்துக்குள் அன்று காலை ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. யாரும் அதை அழைக்கவில்லை. அதன் முன்சக்கரம் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது.

காருக்குள் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். மணிமேகலையின் அப்பா நல்லுசாமியைப் பார்த்து, "ரோட்டை ஏங்க இப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இது ரோடு இல்லைங்க. எங்க தோட்டம்."

"போன்ல ரோடுன்னு போட்டிருக்கே."

அப்பா மண்ணைக் காட்டினார். வந்தவர் போனைக் காட்டினார். போனில் ஒரு நீலக் கோடு நேராக, அழகாக ஓடியது. மண்ணில் வாழைக்கன்றுகள் நின்றன. அவற்றில் சில இப்போது சக்கரத்துக்கு அடியில் கிடந்தன.

ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் இருக்கிறது அந்தத் தோட்டம். நடுவே ஒரு மண்பாதை கொள்ளிடக் கரை வரைக்கும் போகும். அறுத்த வாழைத்தாரைச் சுமந்து வரத்தான் அந்தப் பாதை. அக்கம்பக்கத்தாரும் கரைக்கு அந்த வழியாக நடந்து போவார்கள். போகும்போது வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து அம்மா பதில் குரல் கொடுப்பார். அதற்குமேல் அந்தப் பாதைக்குச் சட்டம் எதுவும் கிடையாது.

போனுக்கு அந்தக் குரல் கேட்காது. கரையேறிக் கோயிலுக்குச் சீக்கிரம் போக இதுவே குறுக்கு வழி என்று எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டது.

மார்கழி பிறந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசியன்று எங்கெங்கிருந்தோ வண்டிகள் வரும். அவ்வளவும் இந்த வழியாக வந்தால் வாய்க்கால் கரை உடையும். கன்றுகளுக்குத் தண்ணீர் பாயாது. வருஷப் பயிரே போய்விடும். அப்பா சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்.

முதலில் அவர் ஒரு பலகை வைத்தார்: 'இது வழி அல்ல.' வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள். பிறகு போனைப் பார்த்தார்கள். போனைத்தான் நம்பினார்கள்.

அடுத்து, இங்கே பாதை இல்லை என்று வரைபடத்துக்கே தகவல் அனுப்பினார். பாதை மறைந்தது. சில நாளில் யாரோ ஒரு புண்ணியவான் அதைத் திரும்பவும் சேர்த்துவிட்டார்.

கடைசியாக அப்பா பாதை முனையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். சாமி இருக்கிற இடத்தில் யாரும் வண்டியை ஓட்ட மாட்டார்கள் என்று நினைத்தார்.

உண்மைதான். யாரும் ஓட்டவில்லை. நிறுத்தினார்கள். இறங்கிக் கும்பிட்டார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டுப் பிறகு தோட்டத்துக்குள் ஓட்டினார்கள்.

வரைபடத்தில் 'பழமையான வழித்துணைச் சாமி கோயில்' என்று ஒரு புள்ளி முளைத்தது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணம், கார் நிறுத்த இடம் போதவில்லையாம்.

"கல்லை எடுத்துடலாமாப்பா?" என்றாள் மணிமேகலை.

"இத்தனை பேர் கும்பிட்டப்புறம் எப்படி எடுக்குறது?" என்றார் அப்பா. "எனக்கே இப்ப பயமா இருக்கு."

அந்த வாரம் மணிமேகலையின் பள்ளிக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். தில்லை நகரில் இருக்கும் தைரியராஜ். வரைபடத்தில் பாதைகளைச் சேர்ப்பவர். 'வழிச்செம்மல்' என்று பொறித்த ஒரு பதக்கத்தைச் சட்டையில் குத்தியிருந்தார். பட்டம் யார் கொடுத்தது என்று ஆனந்தவள்ளி டீச்சர் விசாரித்தபோது, தானே செய்யக் கொடுத்ததாக அடக்கத்துடன் சொன்னார்.

மறைந்து கிடக்கும் வழிகளை உலகத்துக்குக் கொடுப்பதே தன் லட்சியம் என்று அவர் வெகுநேரம் பேசினார். ஒவ்வொரு பாதைக்கும் தனக்கு எத்தனை நட்சத்திரம் கிடைத்தது என்பதையும் சொன்னார். பிறகு திரையில் ஸ்ரீரங்கத்தைக் காட்டினார்.

மணிமேகலைக்குத் தன் வீட்டுக் கிணறு தெரிந்தது. கிணற்றை ஒட்டி ஒரு நீலக் கோடு. அதன்மேல் 'தைரியராஜ் குறுக்குச் சாலை' என்று எழுதியிருந்தது.

அவள் எழுந்து நின்றாள். கேள்வியெல்லாம் கடைசியில் என்றார் டீச்சர். தைரியராஜ் பெருந்தன்மையுடன் கையசைத்து அனுமதித்தார்.

"சார், இந்த ரோட்டை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"நேர்ல எதுக்கும்மா? மேலேருந்து எடுத்த படத்துலயே பளிச்சுன்னு தெரியுதே."

"உங்க வீட்டைக் காட்டுவீங்களா சார்?"

அதைக் காட்டுவதில் அவருக்கு மகிழ்ச்சிதான். பெரிய வீடு. முன்வாசலிலிருந்து வீட்டை ஒட்டி ஒரு சிமெண்டுப் பாதை பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் போய் முடிந்தது.

"இதுவும் பளிச்சுன்னு தெரியுதே சார். பின்தெரு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்குச் சுத்து மிச்சம். இதை மட்டும் ஏன் சேர்க்கலை?"

தைரியராஜ் சிரித்தார். "அது எங்க வீட்டு வழிம்மா. அங்க வீட்டுல துணி காயப்போடுவாங்க."

"இங்க எங்க வாழை நிக்குது சார்" என்றாள் மணிமேகலை.

அவள் குரலை உயர்த்தவில்லை. தைரியராஜ் திரையைப் பார்த்தார். பதக்கத்தைப் பார்த்தார். பிறகு, அந்தச் சாலையை உடனே அழித்துவிடுவதாகச் சொன்னார்.

மணிமேகலை யோசித்தாள்.

"அழிக்க வேணாம் சார். எங்க அப்பா அழிச்சாங்க, நீங்க போட்டீங்க. நீங்க அழிச்சா இன்னொருத்தர் போடுவாங்க. பாதை இருக்கு, அது நிஜம்தானே. அது யாருக்குன்னும் சேர்த்துப் போட்டுடுங்க."

அப்படிக் குறிப்பதற்கென்றே வரைபடத்தில் சில கட்டங்கள் இருந்தன. தைரியராஜ் அவற்றை ஒருநாளும் திறந்ததில்லை. அவற்றை நிரப்பினால் நட்சத்திரம் கிடைக்காது.

பிள்ளைகள் சுற்றி நின்று சொல்லச் சொல்ல அவர் நிரப்பினார். நீலக் கோடு புள்ளிக் கோடானது. 'தனியார் தோட்டப் பாதை. வண்டிகள் போகக் கூடாது. நடப்பவர்கள் கேட்டுவிட்டுப் போகலாம்.' கோயில் புள்ளியையும் எடுத்தார்கள். தன் பெயரை எடுக்கும் இடத்தில் மட்டும் அவர் விரல் சற்றுத் தயங்கியது.

மாற்றம் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேரச் சில நாள் ஆகும் என்றார். ஏகாதசிக்கு முன்பே சேருமா என்று கேட்டதற்கு, அதை அவராலும் சொல்ல முடியவில்லை.

ஏகாதசியன்று விடியும் முன்பே அப்பா பாதை முனையில் போய் நின்றார். மணிமேகலையும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

முதல் கார் வந்தது. திருப்பத்தில் வேகம் குறைந்தது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் திரும்பாமல் நேரே போய்விட்டது. அடுத்ததும் போனது. அதற்கடுத்து வந்த வேனும் போனது.

வெளிச்சம் வந்த பிறகு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். தைரியராஜ். பெரிய சாலை வழியாகத்தான் போக வேண்டும் என்று போன் அவரைச் சுற்றி அனுப்பிவிட்டதாம். அங்கே நெரிசலில் கார் நகரவே இல்லையாம். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

அவர் பாதை முனையில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"நடந்து போகலாமாம்மா?"

"போங்க சார். இடப்பக்கம் தண்ணி பாயுது, பார்த்து."

அவர் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, கன்றுகளுக்கு விலகி விலகி, கரை வரைக்கும் நடந்து போனார்.

அப்பா தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு கன்றுகூடச் சாயவில்லை. வாய்க்காலில் தண்ணீர் கடைசிப் பாத்திவரை ஓடிக்கொண்டிருந்தது.

"மணி, அம்மாகிட்ட இட்லி இருக்கான்னு கேளு" என்றார். "ரொம்பப் பசிக்குது."