மலை வைத்துக்கொண்ட குரல்

மற்ற எல்லோருடைய பெயரும் மலையிலிருந்து திரும்பி வந்தது. தாமிரின் பெயர் மட்டும் வரவில்லை.

அவன் மனைவி நிவீன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எகிப்தின் கடற்கரை ஊரான ஹுர்கதாவிலிருந்து மதியம் கிளம்பும் அரை நாள் பாலைவனப் பயணங்கள் எல்லாமே இந்தப் பள்ளத்தாக்கில் கொஞ்ச நேரம் நிற்கும். லாடம் போல் வளைந்த சிவப்புக் கல் மலை, அதன் நடுவே சரளையும் மணலும் கலந்த வெற்றுத் தரை. நாலு சக்கர பைக்குகளை வரிசையாக நிறுத்திவிட்டு, முகத்தில் சுற்றிய துணியை இறக்கிவிட்டு, ஆளாளுக்குக் கத்துவார்கள். மலை அதைத் திருப்பிச் சொல்லும். சிரிப்பார்கள். அப்புறம் தேநீர், சூரியன் இறங்குவதைப் பார்ப்பது, விடுதிக்குத் திரும்புவது. ஒரே பைக்கில் ஏறியிருந்த, மன்சூரா ஊர்க்காரர்களான இரண்டு இளைஞர்களில் ஒருவன் மற்றவனுடைய காதலியின் பெயரைக் கத்தினான். மலை அதை மூன்று இடங்களிலிருந்து சொல்லிக்காட்டியது. தாமிரின் அக்கா இன்ஸாஃப் வெட்கப்பட்டுக்கொண்டே தன் பெயரைச் சொன்னாள். அதுவும் வந்தது, அவளுடைய இழுவையோடு.

தாமிர் கத்தினான். காற்று மட்டும் சரளையின் மேல் ஓடியது.

மறுபடியும் கத்தினான். மன்சூரா பையன்கள் சிரித்தார்கள்.

"என்ன இது, மலையும் அரசாங்க ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சா? கேட்டா பதிலே காணோம்," என்றான் தாமிர். சிரிப்பது போல்தான் சொன்னான். ஆனால் அவன் காது மடல் சிவந்துவிட்டதை நிவீன் பார்த்தாள். பதில் வராவிட்டால் விடமாட்டான் அவன். சிப்பந்தியோ, கீழே வேலை செய்யும் குமாஸ்தாவோ, மனைவியோ, யாராக இருந்தாலும் வாயிலிருந்து பதிலைப் பிடுங்கும்வரை அவனுக்குத் தூக்கம் வராது. காலைச் சாப்பாட்டின்போதுதான் அவள் சொல்லியிருந்தாள், இந்த விடுமுறை முடிந்ததும் தன்தா ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போகப்போவதாக. ஏன், எத்தனை நாளுக்கு, யார் சொல்லிக்கொடுத்தது என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அதனால்தான் இருவரும் ஒரே வண்டியில் ஏறவில்லை.

"போதும் பாஷா," என்று தாமிரிடம் மரியாதையாகவே சொன்னான் வழிகாட்டி முஸல்லம். ஒல்லியான, பாலைவனத்துப் பெதுயின் இனத்து ஆள். கிளம்பியதிலிருந்து யார் முகத்தையும் பார்த்துப் பேசாதவன், இப்போது தாமிரையே பார்த்துக்கொண்டிருந்தான். "வரலைன்னா விட்டுடணும். வண்டியில ஏறுங்க."

"கிட்ட போய்க் கத்துறேன்."

"வேண்டாம்னு சொல்றேன்."

"நீ வழி காட்டத்தான் வந்திருக்க. எனக்குப் புத்தி சொல்ல இல்ல."

துணியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, செருப்பு சரளையில் நெறுநெறுக்க, மலையின் வலப்புறம் துருத்திக்கொண்டிருந்த பாறையைச் சுற்றி அவன் மறைந்தான். அங்கிருந்து அவன் குரல் கேட்டது. "தாமிர்." கொஞ்சம் விட்டு, இன்னும் உரக்க, "தாமிர்." மூன்றாவது முறை பெயரின் பாதியிலேயே நின்றுபோனது. கதவைச் சாத்தினால் உள்ளே பேசுகிறவர் குரல் அறுந்துபோகுமே, அப்படி.

முஸல்லம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு எல்லா வண்டிகளையும் உயிர்ப்பித்தான். அந்த இரைச்சல் அவனுக்குத் தேவைப்பட்டது போலிருந்தது.

தாமிர் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தபோது முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. தூசிக் கண்ணாடியும் போட்டிருந்தான். தலையைக் குனிந்து, போகும்போது சரளையில் பதித்த அதே அடிகளின் மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து வந்தான். அவசரமே இல்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

கோபம், என்று நினைத்தாள் நிவீன். நல்லது, கொஞ்ச நேரம் வாய் மூடியிருக்கட்டும்.

ஆனால் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும்போது, பெட்ரோல் புகையும் முன்வண்டிகள் கிளப்பும் தூசியும் துணியைத் தாண்டி நாக்கில் கசக்க, குளிர்காலத்து மாலைக் காற்று சட்டைக் கைகளுக்குள் புகுந்து உடம்பெல்லாம் ஊர, அவனுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தவளுக்கு என்னவோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வரும்போது அவன் இஷ்டத்துக்கு வளைத்து, மேட்டில் தாவி, மற்றவர்கள் மேல் மணலை வாரி அடித்துக்கொண்டு வந்தான். இப்போது முஸல்லமின் சக்கரத் தடத்தில் நூல் பிடித்தது போல் போனான். முஸல்லம் பள்ளத்துக்காக இடப்பக்கம் சாய்ந்தால் இவனும் சாய்ந்தான். முஸல்லம் ஒருமுறை தோளைச் சொறிந்தான். இவனும் சொறிந்தான்.

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் நாலு ஓலைக் கூரைகள், தரையில் பாய்கள், புகைந்துகொண்டிருந்த ஒரு அடுப்பு. ஆட்கள் யாரும் இல்லை. முஸல்லமே கரிபிடித்த கெண்டியிலிருந்து மூலிகை மணக்கும் தேநீரை ஊற்றிக் கொடுத்தான். எல்லோரும் துணியை அவிழ்த்தார்கள். ஒவ்வொருவர் துணியிலும் வாய்க்கு நேரே மூச்சின் ஈரமும் தூசியும் சேர்ந்து உள்ளங்கை அளவுக்குச் சேறு படிந்திருந்தது. அதைக் காட்டிக் காட்டிப் பையன்கள் சிரித்தார்கள்.

தாமிர் அவிழ்க்கவில்லை. பாயில் நேராக உட்கார்ந்திருந்தான். அவன் வாய்க்கு நேரே துணி வெளுத்து, உலர்ந்து, கடையில் மடித்து வைத்தது போல் இருந்தது.

நிவீன் அதையே பார்த்தாள். காற்று மற்றவர்களுடைய துணி முனைகளை அசைத்தது. அவன் மூச்சு அந்தத் துணியை அசைக்கவே இல்லை.

"என்னடா, கோபமா?" என்று இன்ஸாஃப் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோபமா," என்றான் அவன்.

தாமிரின் குரல்தான். ஆனால் பக்கத்திலிருந்து வரவில்லை. ஒரு மைதானத்தின் மறுகோடியில் நின்று அவன் சொன்னது போல், ஒரு கணம் தாமதித்து வந்தது.

"தேநீர் குடிடா, ஆறிடப் போகுது."

"போகுது."

இன்ஸாஃப் சிரித்தாள். "பாத்தியா நிவீன்? சின்ன வயசுல இப்படித்தான் நான் சொல்றதையே திருப்பிச் சொல்லி என்னை அழ வைப்பான். உன் தொல்லை தாங்காம என் தம்பி மறுபடியும் குழந்தையாயிட்டான்."

"அக்கா, இங்க வாங்க. அவர்கிட்ட பேசாதீங்க."

"என் தம்பிகிட்ட பேச உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? விட்டுட்டுப் போறேன்னு காலையில சொன்னவதானே நீ? போ. நான் அவனைப் பாத்துக்குவேன்."

"பாத்துக்குவேன்," என்றது குரல். இந்த முறை சீக்கிரமாகவே வந்தது. கொஞ்சம் பக்கத்திலிருந்தும் வந்தது.

நிவீன் எழுந்து முஸல்லமைத் தேடினாள். வண்டிகள் நின்ற இடத்தில், அவளுடைய வண்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவன், அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அது என் புருஷன் இல்ல," என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் அவளுக்கே உறைத்தன.

அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"மெதுவா பேசுங்க மதாம். அதுகிட்ட எதுவும் கேட்டீங்களா?"

"இல்ல. அவர் அக்கா பேசிட்டே இருக்காங்க."

"அந்தம்மாவை நிறுத்துங்க. பதில் சொல்லக் கத்துக்கிட்டா அது ஊருக்குள்ள வந்துடும்."

"அவர் எங்க? அந்தப் பாறைக்குப் பின்னாடி இருக்காரா? வண்டியைத் திருப்புங்க. போய்க் கூட்டிட்டு வரலாம்."

"இருட்டப் போகுது."

"ஒரு மனுஷனை அங்க விட்டுட்டுப் போறதா?"

"நான் வேண்டாம்னு சொன்னேன். உங்க எல்லாருக்கும் முன்னாடிதான் சொன்னேன்." அவன் குரலில் இரக்கமே இல்லை. பழைய கோபம்தான் இருந்தது, இவள்மேல், இவளைப் போல வந்துபோகும் எல்லோர்மேலும். "என் பிள்ளைங்க ஊருக்குப் போற ரோட்டோரமாத்தான் தூங்குறாங்க. அது அங்க வரக்கூடாது. போய் ஏறுங்க."

அவளுடைய வண்டி உயிர் பெறவில்லை. பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். ஒரு செருமல்கூட இல்லை. இதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மணலின் சிவப்பு வடிந்து சாம்பல் நிறமானது. பையன்கள் முன்விளக்கைப் போட்டு வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வண்டி வராது," என்றான் முஸல்லம், அவளைப் பார்க்காமல். "புருஷன் பின்னாடி உக்காருங்க."

"முடியாது."

வந்ததிலிருந்து முஸல்லமின் பின்னால் உட்கார்ந்து வந்த இன்ஸாஃப் துணியை இறுக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன்கூட ஒட்டி உக்காரக்கூட உனக்குக் கசக்குதா? நீ இவர் பின்னாடி ஏறிக்கோ. நான் என் தம்பிகூட வரேன். எங்களுக்குப் பேச ஆயிரம் இருக்கு."

நிவீனின் வாய் சரி என்று சொல்லத் திறந்தது. அவ்வளவுதான், ஒரு வார்த்தை போதும். ஆறு வருடமாகத் தன்னை முள்ளாய்க் குத்திய இந்தப் பெண், தானே ஆசைப்பட்டுப் போய் அதன் முதுகில் சாய்ந்து, வழியெல்லாம் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வருவாள். இன்ஸாஃபின் கன்னத்தில் தூசி ஒட்டியிருந்தது. தம்பியோடு போகப்போகிற சந்தோஷத்தில் அந்த முகம் சின்னப் பெண்ணுடையது போல் இருந்தது.

"வேண்டாம்," என்றாள் நிவீன். "நானே போறேன்."

"பாருங்க, பிடிவாதத்தை," என்றாள் இன்ஸாஃப்.

"பிடிவாதத்தை," என்றது அதுவும், அவளோடு சேர்ந்தே.

நிவீன் அதன் பின்னால் ஏறினாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் அதன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள். தாமிரின் சட்டை. தாமிரின் வேர்வை வாசம். அதற்குள்ளே இருந்த உடம்பு, நாள் முழுக்க வெயிலில் கிடந்த கல்லைப் போலச் சூடாக இருந்தது. ஏறி இறங்கவில்லை. மூச்சு இல்லை. உள்ளே எங்கோ எதுவோ மெல்லச் சரிந்துகொண்டே இருந்தது, மூட்டைக்குள் மணல் சரிவது போல.

ரோடு வரை. ரோடு வரை வாய் திறக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்னால் முஸல்லமின் வண்டியின் சிவப்பு விளக்கு, அதன் பின்னால் பையன்களுடையது, அப்புறம் இவர்கள். குளிரில் அவள் கண்ணில் நீர் வழிந்து தூசியோடு காய்ந்தது.

"குடிடா. கோபமா. போ. நான் பாத்துக்குவேன்," என்றது அது. தனக்குத்தானே. பாடம் ஒப்பிப்பது போல. பிறகு வார்த்தைகள் இடம் மாறின. "நான் பாத்துக்குவேன். நிவீன். நிவீன். என் புருஷன்."

அவள் பேசவில்லை.

"நிவீன். எதாவது கேளு."

இதை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

அவள் பேசவில்லை. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

முன்னால் போன சிவப்பு விளக்குகள் வலப்பக்கம் திரும்பின. இவர்கள் வண்டி திரும்பவில்லை. முன்னால் போன யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. முஸல்லம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது போலிருந்தது. பார்த்துவிட்டு இன்னும் வேகமாக முறுக்கினான். தேநீர் குடித்த இடத்தில் முஸல்லம் அவளுடைய வண்டியருகே குனிந்து என்ன செய்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அது மலைக்குத் தனியாகத் திரும்பிப் போகாது. கூட ஒருவர் வேண்டும்.

குதிக்க நினைத்தாள். கைகளை இழுத்தாள். அவள் விரல்களின் மேல் ஒரு கை வந்து படிந்தது. சூடான, சொரசொரப்பான கை. வண்டியை ஒரு கையால்தான் ஓட்டியது.

சரளை. மேடு. மலையின் வளைவு இரண்டு பக்கமும் வந்து மூடியது. விளக்குகள் போய்விட்டன. இரைச்சல் போய்விட்டது. வண்டி நின்றது.

எஞ்சின் அடங்கியது. முன்விளக்கு அணையவில்லை.

பாறையடியில், வெளிச்சத்துக்குள், தாமிர் நின்றுகொண்டிருந்தான்.

கழுத்தில் துணி இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. விரல் நுனிகள் கிழிந்திருந்தன. அவளைக் கண்டுகொண்டான். கண்கள் பிதுங்கின. வாய் முழுக்கத் திறந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினான், போ போ என்று இரண்டு கைகளையும் வீசி வீசிக் கத்தினான்.

சத்தமே வரவில்லை. காற்றின் சலசலப்பு மட்டும்.

அவன் உதடுகள் அசைந்த அதே கணத்தில், அவள் கட்டிப்பிடித்திருந்த முதுகுக்குள்ளிருந்து, அவன் குரல் வந்தது. தெளிவாக. மிக அருகில்.

"ஓடு, நிவீன். தயவுசெஞ்சு ஓடு."

அவள் விரல்களின் மேலிருந்த கை இறுகியது.